'ஓகோ' ஏரியும் ஒரு சிவப்புக் கோடும்!

'போலந்து'ன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹிஸ்டரி ஸ்டூடன்ட்னா 1939, இரண்டாம் உலகப்போர். சயின்ஸ் குரூப்னா மேரி கியூரி. ஃபுட்பால் பைத்தியம்னா லெவண்டாவ்ஸ்கி. 'மலை'ன்னு யாராவது சொல்வாங்களா? சான்ஸே இல்லை! அந்த நாட்டோட பேரே 'வயல்வெளி'ங்கிற வார்த்தையிலிருந்து வந்ததுன்னு சொல்வாங்க. மேப்பை விரிச்சுப் பார்த்தா நாட்டின் பெரும்பகுதி தோசைக்கல் மாதிரி தட்டை.

ஆனா, கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. தெற்கு ஓரத்தில், ஸ்லோவாகியா எல்லையை ஒட்டி பூமி சடார்னு எழுந்து நிக்கும். அதுதான் தாத்ரா மலைத்தொடர். மொத்தத் தொடரில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவுதான் போலந்துக்குச் சொந்தம். மீதி ஸ்லோவாகியாவுக்கு. கையகல இடம்தான். ஆனா அதுக்குள்ளேயே பனியாறு குடைஞ்ச ஏரிகள், ஏணி போட்டு ஏறுற மலை இடுக்குகள், சங்கிலியைப் பிடிச்சுத் தொங்குற சிகரங்கள்னு எல்லாமே இருக்கு. போலந்து காலேஜ் பசங்களுக்கு லீவு விட்டா முதுகில் பையை மாட்டிக்கிட்டு கிளம்புற இடம் இதுதான்.

நாமளும் ஒரு ரவுண்டு போவோமா? ஈஸியான இடுக்குகளில் ஆரம்பிச்சு, ஏரிக்கு ஏறி, கடைசியில் சிகரம். வழியில் ஒரு சிவப்புக் கோடு வரும். அதை மட்டும் கவனிச்சு வெச்சுக்கோங்க!

காதல் முறிஞ்ச ஊர்!

தாத்ராவின் வாசல், ஸகோபானேங்கிற ஊர். க்ராகோவ் நகரத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பஸ் ஏறினா ரெண்டு, ரெண்டரை மணி நேரம். கூர்கூரையோடு மர வீடுகள், குதிரை வண்டி, தெருமுனையில் ஆட்டுப்பால் சீஸ் விற்கிற பாட்டிகள்னு ஒரு தினுசான ஊர். இங்கே வாழுற மலைமக்களுக்கு 'குராலே'ன்னு பேர். தனி பேச்சுவழக்கு, தனி உடை, வயலினோட தனி இசைன்னு கெத்தா இருப்பாங்க. அவங்க செய்யற 'ஒஸ்சிபெக்' சீஸ் தக்களி வடிவத்தில், புகை போட்டு, பழுப்பு நிறத்தில் இருக்கும். 2008-ல் ஐரோப்பிய யூனியன் இதுக்கு இடப்பெயர்ப் பாதுகாப்பு கொடுத்துடுச்சு. நம்ம புவிசார் குறியீடு மாதிரி. வேற ஊரில் செஞ்சு இந்தப் பேரை ஒட்ட முடியாது!

இந்த ஊருக்கு ஒரு லவ் ஸ்டோரியும் உண்டு. மரியா ஸ்க்வோடோவ்ஸ்கான்னு ஒரு ஏழைப் பெண். ஒரு பணக்கார வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போறா. அந்த வீட்டுப் பையன் கஸிமியெஷ் ஸொராவ்ஸ்கியோடு காதல். 'வேலைக்காரியை மருமகளாக்க முடியாது'ன்னு பையன் வீட்டில் தடை. பையனுக்கோ எதிர்த்து நிற்கத் தைரியமில்லை. வருஷக்கணக்கா இழுத்த இந்த விவகாரம் 1891-ல் ஸகோபானேயில்தான் முடிஞ்சதுன்னு வாழ்க்கை வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. அந்த நவம்பரிலேயே மரியா பாரீஸுக்கு ரயில் ஏறிட்டா. அப்புறம் 1903-ல் ஒரு நோபல், 1911-ல் இன்னொரு நோபல். ஆமா... அதே மேரி கியூரிதான்! பையனும் சோடை போகலை, பெரிய கணித மேதை ஆனார். ஆனா உலகத்துக்கு யார் பேர் ஞாபகம் இருக்கு?

அதே ஊரில் 1996 அக்டோபரில் இன்னொரு நோபல் செய்தி வந்து இறங்கிச்சு. எழுத்தாளர்கள் தங்குற விடுதியில் அமைதியா தங்கியிருந்த கவிஞர் விஸ்வாவா ஷிம்போர்ஸ்காவுக்கு இலக்கியத்துக்கான நோபல்! அமைதி தேடி மலைக்கு வந்த மனுஷியை அன்னைக்கு போன் மணி விட்டதா என்ன?

இடுக்கில் ஒரு டிராகன்!

முதல் நாளே சிகரத்துக்குப் போகக் கூடாது. காலுக்கு சுண்ணாம்புக்கல்லைப் பழக்கணும். ஸகோபானேக்குப் பக்கத்திலேயே கொஷ்சியெலிஸ்கா பள்ளத்தாக்கு. ஓடைக்கரையோரம் அகலமான பாதை, தாத்தா பாட்டிகூட நடக்கலாம். பாதையிலிருந்து விலகி ஒரு கிளை பிரியும். அதுதான் 'க்ராகோவ் இடுக்கு'. ரெண்டு பக்கமும் செங்குத்தான வெள்ளைப் பாறை, நடுவில் சந்து. பார்த்தா பழைய நகரத்துத் தெரு மாதிரியே இருக்கும். அதனால க்ராகோவ் நகரத்தோட பேரையே வெச்சுட்டாங்க. கொஞ்சம் அகலமா இருக்கிற இடத்துக்கு 'மார்க்கெட் சதுக்கம்'னு பேர். க்ராகோவ் நகரத்தில் ஒரு டிராகன் குகை இருக்கில்லையா? இங்கேயும் ஒண்ணு வெச்சிருக்காங்க. இரும்பு ஏணியில் ஏறி, சங்கிலியைப் பிடிச்சு குகைக்குள் நுழையணும். உள்ளே கும்மிருட்டு. டார்ச் இல்லாம போனா மண்டையில் பாறை 'வணக்கம்' சொல்லும்!

இன்னொரு இடுக்கு, பார்க்கவே கண் ரெண்டு போதாது. தாத்ராவுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் பியெனினின்னு ஒரு குட்டி மலைத்தொடர். அதைக் குறுக்கே அறுத்துக்கிட்டு ஓடுது துனாயெட்ஸ் ஆறு. இந்த ஆற்றில் தெப்பம் விடுறது தலைமுறை தலைமுறையா வர்ற தொழில். ஐந்து ஒல்லி மரப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுக் கட்டினா ஒரு தெப்பம் ரெடி. மோட்டார் கிடையாது. எம்பிராய்டரி போட்ட நீல நிற அங்கியும் தொப்பியுமா ரெண்டு தெப்பக்காரர்கள், ஆளுக்கு ஒரு நீளக் கழியோட நிப்பாங்க. ஷ்சாவ்னிட்சா ஊர் வரைக்கும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர், ரெண்டே கால் மணி நேரப் பயணம். ஆறு பாம்பு மாதிரி வளையும். 'அவ்வளவுதான், பாறையில் முட்டப்போறோம்'னு நினைக்கிற நொடியில் வழி திறக்கும். வலது கரை ஸ்லோவாகியா, இடது கரை போலந்து. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை!

தலைக்கு மேல 'மூன்று கிரீடங்கள்'னு ஒரு சிகரம், 982 மீட்டர். இன்னொரு பக்கம் சொகொலிட்சா பாறை. அதன் உச்சியில் சுமார் 500 வயசான ஒரு பைன் மரம், பாறை விளிம்பில் வளைஞ்சு நிக்கும். போலந்தில் அதிகம் போட்டோ எடுக்கப்பட்ட மரங்களில் இதுவும் ஒண்ணு. 2018 செப்டம்பரில் அந்தப் பாறையில் அடிபட்ட ஒரு சுற்றுலாப் பயணியை மீட்க ஹெலிகாப்டர் வந்தது. ஆளைக் காப்பாத்திட்டாங்க. ஆனா விசிறிக் காற்றில் அந்த மரத்தோட கிளை ஒண்ணு முறிஞ்சு விழுந்துடுச்சு. ஒருத்தர் கால் இடறினா அதுக்கான விலையை வேற யாரோ கொடுக்க வேண்டியிருக்கு. இங்கே ஒரு மரம் கொடுத்துச்சு. இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கடலோட கண்!

இப்போ ஹீரோவுக்கு வருவோம். தாத்ராவின் சூப்பர் ஸ்டார் ஏரி, மோர்ஸ்கியே ஓகோ. போலிஷ் மொழியில் 'ஓகோ'ன்னா கண். 'கடலின் கண்'ணுன்னு அர்த்தம். நம்ம ஊர் 'ஓகோ'வும் பொருந்தும். ஏன்னா, பார்த்ததும் வாயிலிருந்து அதுதான் வரும்!

1,395 மீட்டர் உயரத்தில், சுமார் 35 ஹெக்டேர் பரப்பில், 50 மீட்டருக்கு மேல் ஆழத்தோடு கிடக்கிற பச்சைக் கண்ணாடி. சுத்தியும் கருங்கல் சுவர்கள். பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கேயிருந்த பனியாறுகள் மலையைக் கரண்டி போட்டு வழிச்சு எடுத்த பள்ளத்தில்தான் இன்னைக்குத் தண்ணி நிக்குது. 'ஏரிக்கு அடியில் சுரங்கம் இருக்கு, அது வழியா கடலோடு கனெக்‌ஷன்'னு உள்ளூரில் ஒரு பழங்கதை. அதுல வந்த பேர்தான் கடலின் கண். தாத்ரா ஏரிகளில் இயற்கையாவே மீன் வாழுற ஏரிகள் ரொம்பக் கம்மி. இது அதில் ஒண்ணு. அதனால ஆதியில் இதுக்கு 'மீன் ஏரி'ன்னே பேர்.

இந்த ஏரிக்காக ஒரு கோர்ட் கேஸே நடந்திருக்கு பாஸ்! 19-ம் நூற்றாண்டின் கடைசி. அப்போ போலந்துங்கிற நாடே மேப்பில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் பங்கு போட்டுக்கிட்டாங்க. தாத்ரா பகுதி ஆஸ்திரியாவின் கலீஷியா மாகாணத்தில். மலைக்கு அந்தப் பக்கம் ஹங்கேரி. ரெண்டுக்கும் ஒரே பேரரசர்தான். ஆனாலும் 'ஏரி யாருக்கு?'ன்னு சண்டை. கடைசியில் 1902-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் நடுவர் மன்றம் கூடிச்சு. கலீஷியா தரப்புக்காக ஆவணங்களை அடுக்கி வாதாடியவர், ஆஸ்வால்ட் பால்ட்ஸர்ங்கிற சட்ட வரலாற்றுப் பேராசிரியர். தீர்ப்பு கலீஷியாவுக்கு சாதகம். 1918-ல் போலந்து மறுபடி பிறந்தப்போ ஏரியும் கூடவே வந்தது. நாடே இல்லாத ஜனங்க ஓர் ஏரியை ஜெயிச்ச கதை இது! இன்னைக்கு ஏரிக்குப் போற சாலைக்கு பால்ட்ஸர் பேர்தான்.

அந்தச் சாலையில்தான் நம்ம சிவப்புக் கோடு ஆரம்பிக்குது. மரத்திலும் பாறையிலும் ரெண்டு வெள்ளைப் பட்டைக்கு நடுவில் ஒரு சிவப்புப் பட்டை. தாத்ராவில் ஒவ்வொரு பாதைக்கும் இப்படி ஒரு கலர். பலெனிட்ஸாங்கிற பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரி வரைக்கும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். முழுக்க தார் ரோடு! தள்ளுவண்டியில் குழந்தையை வெச்சுத் தள்ளிட்டுப் போறவங்க, செருப்போட வர்றவங்க, ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கிட்டே நடக்கிற ஜோடிகள்னு திருவிழாக் கூட்டம். நடக்க சோம்பேறித்தனம்னா குதிரை வண்டி இருக்கு. 'குதிரைங்க பாவம்'னு விலங்கு நேயர்கள் பல வருஷமா போராடினாங்க. 2024-ல் மின்சார வண்டிகளை விட்டும் சோதனை பண்ணிப் பார்த்தாங்க.

ஏரிக்கரையில் 1908-ல் கட்டின மர விடுதி. சூடா முட்டைக்கோஸ் சூப், ஆப்பிள் கேக். அடுத்து என்ன? கண்ணுக்கு நேரா சிகரம் தெரியுது. சிவப்புக் கோடும் அந்தப் பக்கமே போகுது...

கோடு ஒண்ணுதான், ரோடு வேற!

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. தாத்ராவில் கலர் வெச்சு கஷ்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சிவப்புன்னா ஆபத்து, பச்சைன்னா ஈஸின்னெல்லாம் கிடையாது. கலர் வழியைக் காட்ட மட்டும்தான். தள்ளுவண்டி போற தார் ரோட்டுக்கும் சிவப்புதான். அங்கேயிருந்து போலந்தின் உச்சிக்குப் போற பாதைக்கும் அதே சிவப்புதான்!

ஏரியைச் சுத்திப் போய், கல் படிக்கட்டில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஏறினா இன்னோர் ஏரி. பேர், சார்னி ஸ்தாவ். 'கருப்புக் குளம்'னு அர்த்தம். சுமார் 1,580 மீட்டர் உயரம். ஆழம் 76 மீட்டர். மேலேயிருந்து பார்த்தா கீழே மோர்ஸ்கியே ஓகோ ஒரு நீலப் பொத்தான். செருப்போடு வந்த கோஷ்டி பெரும்பாலும் இங்கே திரும்பிடும். புத்திசாலிங்க!

இதுக்கு மேல ரிஸி சிகரம். போலந்தின் உச்சப் புள்ளி. காலங்காலமா பாடப்புத்தகத்தில் இருக்கிற உயரம் 2,499 மீட்டர். ஒரே ஒரு மீட்டர் இருந்திருந்தா ரவுண்டா 2,500! இதில் ஒரு வேடிக்கை, ரிஸிக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட உச்சிகள். போலந்து எல்லைக் கல் இருக்கிறது ஒண்ணில். அதைவிட நாலு மீட்டர் உசரமான 2,503 மீட்டர் உச்சி, நாலு எட்டு தள்ளி ஸ்லோவாகியாவுக்குள்ள இருக்கு!

'2,499 மீட்டரா? நம்ம ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். கார்லயே போயிடலாமே!'ன்னு கணக்குப் போடுறீங்களா? அங்கேதான் விஷயமே இருக்கு. மலையின் குணத்தை உயரம் மட்டும் தீர்மானிக்கிறதில்லை. தாத்ரா இருக்கிறது பூமத்திய ரேகையிலிருந்து 49 டிகிரி வடக்கே. ஜூன் மாசத்திலும் ரிஸியின் நிழல் பக்கங்களில் பனி உறைஞ்சு கிடக்கும். அதில் கால் வழுக்கினா நிக்க எதுவும் இல்லை. மேல் பகுதி முழுக்கப் பாறையில் அடிச்ச இரும்புச் சங்கிலிகள். மோர்ஸ்கியே ஓகோவிலிருந்து 1,100 மீட்டர் செங்குத்தா ஏறணும். ஏறி இறங்க ஒரு முழு நாள் போயிடும்.

2003 ஜனவரி 28. டிஹி நகரத்து உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்த ஒரு குழு, மொத்தம் 13 பேர், பனிக்காலத்தில் ரிஸிக்கு ஏறிக்கிட்டிருந்தாங்க. பனிச்சரிவு வந்தது. 8 பேர் உயிரோட திரும்பலை. பெரும்பாலும் மாணவர்கள். சரிஞ்ச பனி கருப்புக் குளத்தின் மேல உறைஞ்சிருந்த ஐஸையே உடைச்சுக்கிட்டு உள்ளே போயிடுச்சு. கடைசி உடல்கள் கிடைச்சது, ஐஸ் உருகின பிறகு, ஜூன் மாசத்தில்தான். உங்க வயசு, உங்க தம்பி தங்கச்சி வயசு. அந்தக் குளக்கரையில் போய் நின்னா போட்டோ எடுக்கத் தோணாது.

தூங்குற வீரன், இறங்கின இடி!

'பனிக்காலம்தானே ஆபத்து? சம்மர்ல போனா?'ன்னு கேட்கலாம். அதுக்கு கியெவோன்ட் பதில் சொல்லும்.

ஸகோபானே ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரியற மலை கியெவோன்ட். மல்லாக்கப் படுத்துத் தூங்குற ஒரு வீரனோட முகம் மாதிரி இருக்கும். 'நாட்டுக்கு ஆபத்து வந்தா எழுந்து வருவான்'னு ஒரு நம்பிக்கை. உயரம் 1,894 மீட்டர்தான். உச்சியில் 1901-ல் ஊர் மக்கள் சேர்ந்து நிறுத்தின 15 மீட்டர் இரும்புச் சிலுவை. கடைசி கொஞ்ச தூரத்துக்குச் சங்கிலி. குடும்பம் குடும்பமா ஏறுவாங்க.

2019 ஆகஸ்ட் 22, நல்ல சுற்றுலா சீசன். உச்சியிலும் சங்கிலியிலும் ஏகப்பட்ட கூட்டம். திடீர்னு இடி, மின்னல். உச்சியில் இறங்கின மின்சாரம் ஈரப் பாறையிலும் சங்கிலியிலும் பாய்ஞ்சது. போலந்துப் பக்கம் மட்டும் 4 பேர் மரணம், அதில் 2 பேர் குழந்தைகள். காயமடைஞ்சவங்க 150 பேருக்கு மேல்.

தாத்ராவில் கோடைக்கால இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் கிளம்பும். அதனால அனுபவசாலிங்க வெச்சிருக்கிற ரூல் சிம்பிள்: விடியறதுக்குள்ள கிளம்பு, மதியத்துக்குள்ள உச்சியை விட்டு இறங்கு. பத்து மணிக்குத் தூங்கி எழுந்து, பன்னிரண்டு மணிக்கு நடக்க ஆரம்பிக்கிற கோஷ்டிங்க ஏரியோடு நிறுத்திக்கிறது நல்லது!

கழுகுப் பாதை!

இன்னும் கெத்து வேணும்கிறவங்க தேடிப் போறது 'ஓர்லா பெர்ச்'. கழுகுப் பாதை. இப்படி ஒரு பாதை போடலாம்னு 1901-ல் ஐடியா கொடுத்தவர் ஃப்ரான்சிஷெக் நோவிட்ஸ்கிங்கிற கவிஞர். 1903-லிருந்து 1906 வரைக்கும் பாறையில் ஆணி அடிச்சு, சங்கிலி மாட்டி வேலையை முடிச்சவர் வாலெண்டி கதோவ்ஸ்கிங்கிற பாதிரியார். கவிஞரும் பாதிரியாரும் சேர்ந்து போட்ட பாதைன்னா சாதுவா இருக்கும்னு நினைச்சிடாதீங்க. முகடு வழியா நாலரை கிலோமீட்டர். ஏணி, சங்கிலி, ரெண்டு பக்கமும் பாதாளம். இதுவரைக்கும் 100 பேருக்கு மேல் இங்கே இறந்திருக்காங்க. 2007-லிருந்து இதில் ஒரு பகுதி 'ஒன் வே'. சங்கிலியில் எதிரெதிரே ரெண்டு பேர் வந்தா யார் வழி விடுறது? இந்தப் பாதைக்கும் கலர் என்ன தெரியுமா? சிவப்பு!

கழுகுப் பாதை வேண்டாம், ஆனா அதைப் பார்க்கணும்னு ஆசையா? முகட்டுக்குக் கீழேயே 'ஐந்து குளங்கள் பள்ளத்தாக்கு'. போற வழியில் சிக்லாவா அருவி. சுமார் 70 மீட்டர் உயரத்திலிருந்து விழுற, போலந்தின் மிகப் பெரிய அருவி. மேலே ஏறினா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா குளங்கள். அதில் பெரிய குளம் 79 மீட்டர் ஆழம், தாத்ராவிலேயே ஆழமானது. 1,671 மீட்டரில் ஒரு மலை விடுதி. போலந்தின் மிக உயரமான விடுதி இதுதான். அங்கே உட்கார்ந்து ஆப்பிள் கேக் சாப்பிட்டுக்கிட்டே கழுகுப் பாதையைக் கழுத்து வலிக்கப் பார்க்கலாம். சங்கிலியைத் தொடாமலே த்ரில்!

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இந்தக் கையகல மலையில் பழகினவங்கதான் இமயமலையைக் கலக்கினாங்க. 1959-ல் ஆண்ட்ஷே ஸவாதா பனிக்காலத்தில் தாத்ராவின் மொத்த முகட்டையும் 19 நாளில் கடந்தார். அதே ஸவாதா தலைமையில் போன குழுதான், 1980 பிப்ரவரி 17-ல், உலகத்திலேயே முதல் முறையா பனிக்காலத்தில் எவரெஸ்ட் ஏறிச்சு. உச்சியில் நின்னவங்க க்ஷிஷ்டோஃப் வியெலிட்ஸ்கி, லெஷெக் சிஹி. வாண்டா ருட்கியேவிச் 1978-ல் எவரெஸ்ட் ஏறின முதல் ஐரோப்பியப் பெண், 1986-ல் கே-2 ஏறின முதல் பெண். 1992-ல் காஞ்சன்ஜங்காவில் காணாமல் போனவர், திரும்பி வரவே இல்லை. இமயத்துக்குப் போறவங்களுக்கே இந்த மலை பள்ளிக்கூடம். அப்போ நமக்கு? எல்.கே.ஜி-யிலிருந்துதான் ஆரம்பிக்கணும்!

சிவப்பு ஸ்வெட்டர்காரர்கள்!

இவ்வளவு கதையிலும் மறைஞ்சு நிக்கிற ஒரு கேரக்டர் இருக்கு. 'நான் ரிஸ்க் எடுத்தா என் உயிர்தானே, உனக்கென்ன?'ன்னு கேட்கிற எல்லோரும் மறந்து போற கேரக்டர்.

1909 பிப்ரவரி 8. மியெச்சிஸ்வாவ் கார்வோவிச்ங்கிற 32 வயசு இசையமைப்பாளர், பெரிய மலைக் காதலர், தனியா பனிச்சறுக்குப் போனவர் பனிச்சரிவில் புதைஞ்சு போனார். ஏற்கெனவே 'மீட்புக் குழு வேணும்'னு பேசிக்கிட்டிருந்த ஊர் இதில் உலுக்கி எழுந்திடுச்சு. அதே வருஷம் 'தோப்ர்'ங்கிற தாத்ரா மீட்புப் படை பிறந்தது. முதல் தலைவர் மரியுஷ் ஸாருஸ்கி. கூப்பிட்டா எந்த வானிலையிலும் வருவேன்னு உறுதிமொழி எடுத்துத்தான் ஆள் சேரணும்.

மறு வருஷமே அந்த உறுதிமொழிக்கு விலை கேட்டது மலை. 1910 ஆகஸ்டில் ஸ்லோவாகியாப் பக்கத்துச் சுவர் ஒண்ணில் ஒரு மாணவர் அடிபட்டுத் தொங்குறார்னு தகவல். மழை, புயல். 'போதும், திரும்புங்க'ன்னு தலைவர் கூப்பிட்டார். க்ளிமெக் பஹ்லெதாங்கிற மூத்த வழிகாட்டி, அறுபதை நெருங்கினவர், கேட்கலை. அவர் தனியா மேலே ஏறினார். பாறை சரிஞ்சது. அவரும் போனார், அந்த மாணவரையும் காப்பாத்த முடியலை.

அதோட நிக்கலை. 1994-ல் மீட்பு ஹெலிகாப்டர் விழுந்து ரெண்டு பைலட், ரெண்டு மீட்பு வீரர்கள் பலி. 2001 டிசம்பர் 30-ல் பனிச்சரிவில் மாட்டினவங்களைத் தேடிப் போன ரெண்டு இளம் வீரர்கள் இன்னொரு பனிச்சரிவில் பலி. ஊரெல்லாம் புத்தாண்டுக்கு ரெடியாகிக்கிட்டிருந்த நேரம்.

போலந்தில் இந்த மீட்புக்குப் பில் கிடையாது. காசு கேட்க மாட்டாங்க. அதனால அது இலவசம்னு அர்த்தமில்லை. சங்கிலியில் தனியா தொங்குறதா நாம நினைச்சுக்கிட்டிருப்போம். கீழே ஸகோபானேயில் யாரோ ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வெச்சுட்டு சிவப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டிருப்பார். அவருக்கும் வீட்டில் காத்திருக்க ஆள் உண்டு. 'இன்னும் கொஞ்சம்தான், உச்சி வந்துடும்'னு மேகம் கறுக்கும்போது எடுக்கிற முடிவு நம்ம முடிவு மட்டும் கிடையாது. அதில் அவரோட கையெழுத்தும் சேர்ந்தே விழுது.

அதனால, தாத்ராவில் பாதியில் திரும்புறவனை யாரும் கேலி பண்றதில்லை. அவன் ஒரு ஹெலிகாப்டரைத் தரையிலேயே நிறுத்தி வெச்சவன்.

கிளம்புறதுக்கு முன்னாடி... ஒரு செக் லிஸ்ட்!

* சீசன்: சிகரத்துக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஏரி, இடுக்குகளுக்கு மே மாசமே ஓகே. பனிக்காலத்தில் ஐஸ் கோடரியும் ஷூவில் மாட்டுற இரும்புப் பல்லும், அதைவிட முக்கியமா பயிற்சியும் இல்லாம ஏரிக்கு மேல போகாதீங்க.

* பனிச்சரிவு அபாயத்தை 1-லிருந்து 5 வரை எண் போட்டு அறிவிப்பாங்க. 'ரெண்டுதானே'ன்னு அசால்ட்டா இருக்காதீங்க. பூஜ்யம்னு ஒண்ணு அந்தப் பட்டியலிலேயே இல்லை!

* மின்னல் தெரிஞ்சதும் எண்ண ஆரம்பிங்க. இடி கேட்கிற வரைக்கும் எத்தனை செகண்டோ, அதை மூணால் வகுத்தா எத்தனை கிலோமீட்டர் தூரம்னு தெரியும். எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வந்தா முகட்டை விட்டு, இரும்பை விட்டு விலகி இறங்குங்க.

* ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். கீழே டி-ஷர்ட், மேலே நடுக்கம். காற்று தாங்குற ஜாக்கெட், கையுறை, டார்ச், முழு சார்ஜோட போன் கட்டாயம்.

* மீட்புப் படை போன் 601 100 300. ஐரோப்பா முழுக்க 112. கிளம்பும்போதே செல்லில் ஏத்திடுங்க.

* ரிஸி உச்சி எல்லையில் இருக்கு. ஸ்லோவாகியாப் பக்கம் இறங்கி அடிபட்டா மீட்புச் செலவு உங்க தலையில். அதனால மலையேற்றத்துக்கான இன்ஷூரன்ஸ் எடுத்துட்டுப் போங்க.

* ஏரியில் குளிக்கத் தடை. பாதையை விட்டு விலகவும் தடை. மலை ஆடு, மர்மோட், பழுப்புக் கரடி எல்லாம் இருக்கிற தேசியப் பூங்கா இது. மலை ஆட்டையும் மர்மோட்டையும் காப்பாத்த 1868-லேயே சட்டம் போட்ட பூமி. பிஸ்கட் போட்டுப் பழக்காதீங்க.

* பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. மாணவர் அடையாள அட்டையைக் கையில் வெச்சுக்கோங்க. சலுகைச் சீட்டு கிடைக்க உதவும்.

பலெனிட்ஸாவில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல் மரத்தில் அந்தச் சிவப்புக் கோடு இருக்கும். எங்கே நிறுத்தணும்னு அந்தக் கோடு சொல்லாது. ஏரியோடு நிறுத்தலாம், கருப்புக் குளத்தோடு நிறுத்தலாம், வானம் தெளிவா இருந்து காலில் தெம்பும் இருந்தா உச்சி வரைக்கும் போகலாம். ரிஸி பல லட்சம் வருஷமா அங்கேயேதான் நிக்குது. அடுத்த சம்மருக்கும் இருக்கும். நீங்களும் இருந்தாத்தானே மறுபடி போக முடியும்?